கிள்ளானில் எங்கள் பெயர்ப் பலகை: உரிமமா, ஃபிரான்சைஸா?

உங்கள் கடையின் பெயரை வெளிநாட்டில் பயன்படுத்திக்கொள்ளப் பணம் தருவதாக ஒருவர் வந்தால், அவருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம் உரிமமா ஃபிரான்சைஸா என்பதை, ஆடிட்டர் பார்த்துக்கொள்ளும் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். காரைக்குடியில் என் மாமியார் தொடங்கிய மெஸ்ஸை நான் நடத்தி வருகிறேன். மதுரையிலும் திருச்சியிலும் கிளைகள் உண்டு, மசாலாப் பொடிகளும் தனியாக விற்கிறோம். 2022-இல் மலேசியாவில் எங்கள் பெயரில் உணவகம் வைக்க ஒருவருக்கு அனுமதி கொடுத்து, அதிலிருந்து மீண்டு வருவதற்குள் சுமார் 37 லட்சம் ரூபாயும் இரண்டரை ஆண்டும் போயின. இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டை, கடை நடத்துகிறவருக்குப் புரியும்படி அன்று எவரும் சொல்லவில்லை. ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு மலேசியா அந்நிய தேசம் அல்ல. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருகிறார்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்தின் வழியாக அறிமுகமானவர்தான் எங்கள் பங்காளர். கோலாலம்பூருக்குப் பக்கத்து ஊரான கிள்ளானில் திருமண விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் அவருடையது. எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, இலையை மடிப்பதற்கு முன்பே, “அக்கா, பேரையும் பக்குவத்தையும் மட்டும் கொடுங்க, மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்றார். முதலீடு, கடை வாடகை, ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. முன்பணமாக 12 லட்சமும் விற்பனையில் 5 சதவீத ராயல்டியும் எங்களுக்கு. கையில் இருந்து காசு போடாமல் கடல் கடந்து பெயர் நிற்கும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

எங்கள் ஆடிட்டர், ஃபிரான்சைஸ் என்றால் செலவும் வேலையும் அதிகம், உரிமம் என்றால் எளிது என்றார். அவர் சொன்னது பொய் அல்ல. உரிமம் என்பது நம்மிடம் உள்ள ஒரு சொத்தை, அது பெயராக இருக்கலாம், சூத்திரமாக இருக்கலாம், குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள விட்டு அதற்கு ராயல்டி வாங்குவது. எடுத்துக்கொண்டவர் தன் தொழிலைத் தன் விருப்பப்படி நடத்துவார்; பொருளின் தரம் குறித்து எழுதிவைத்ததைத் தவிர வேறு எதையும் நாம் கேட்க முடியாது. ஃபிரான்சைஸில் நாம் கொடுப்பது தொழில் நடத்தும் முறை முழுவதையும். கடையின் அமைப்பு, சமையல் அளவுகள், பரிமாறும் விதம், சரக்கு வாங்கும் இடம், ஆட்களுக்கான பயிற்சி என எல்லாம் நாம் வகுத்தபடி நடக்க வேண்டும். அதைத் தொடர்ந்து கண்காணிக்கும் அதிகாரம் நமக்கு உண்டு, அதற்கு ஈடாகத் தொடர்ந்து துணைநிற்கும் கடமையும் உண்டு. கண்காணிப்புக்கு ஆள் வேண்டும், பயிற்சிக்குக் கையேடு வேண்டும், பல நாடுகளில் அரசாங்கப் பதிவும் வேண்டும். ஆகவே செலவு அதிகம் என்பது உண்மை. ஆனால் எந்தப் பண்டத்துக்கு எது பொருந்தும் என்பதை ஆடிட்டரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பெரிய நிறுவனங்களின் கதையைப் பார்த்தாலும் இதற்கு ஒரே விடை கிடைப்பதில்லை. 1983-இல் திறக்கப்பட்ட தோக்கியோ டிஸ்னிலாந்துக்கு டிஸ்னி உரிமையாளர் அல்ல. ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் கட்டி நடத்த, டிஸ்னி நுழைவுச்சீட்டு வருமானத்தில் 10 சதவீதமும் உணவு, பொருள் விற்பனையில் 5 சதவீதமும் வாங்கிக்கொண்டது. பூங்கா பிரமாதமாக ஓடியது, லாபத்தின் பெரும்பங்கு ஜப்பானியருக்குப் போனது. அந்த ஆற்றாமையில் 1992-இல் பாரிசில் தானே 49 சதவீதப் பங்கெடுத்துக்கொண்டு இறங்கியபோது, அந்தப் பூங்கா ஆரம்ப ஆண்டுகளிலேயே கடனில் தத்தளித்தது. உரிமம் விட்டால் வரவு மட்டாக இருக்கும், இழப்பும் மட்டாக இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எங்களுக்கு வந்ததோ மட்டான வரவும் மட்டற்ற இழப்பும்.

2022 தொடக்கத்தில் கையெழுத்திட்டோம். ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்த ஒரு பழைய உரிம ஒப்பந்தத்தில் பெயர்களை மாற்றித் தயாரித்த பதினோரு பக்க ஆவணம் அது. சில மாதங்களில் கிள்ளானில் முதல் கடை திறந்தது, அடுத்த ஆண்டு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இரண்டாவது. முதல் கடையின் ராயல்டி ஒழுங்காக வந்தது. பிறகு கோலாலம்பூர் போய்வந்த உறவினர் ஒருவர், “உங்க கடைன்னு நம்பிப் போனோம், குழம்ப வாயில வைக்க முடியல” என்று எங்கள் கல்லாவுக்கு எதிரே நின்று சொன்னார். மற்ற வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பணம் போனதைவிட அந்தச் சொல்தான் எனக்கு நெடுநாள் உறுத்தியது.

நேரில் போய்ப் பார்த்தேன். எங்கள் கோழி மசாலாவின் உயிர் கல்பாசியும் மராட்டி மொக்கும். கல்பாசியை எண்ணெயில் போட்டதும் மண்வாசனை எழும்பிக் கருகுவதற்கு முன் அடுத்த பொருள் விழ வேண்டும். அந்த இடைவெளி எங்கள் சமையல்காரர் மூக்குக்குத்தான் தெரியும். கிள்ளான் சமையற்கட்டில் கல்பாசி டப்பா திறக்கப்படாமல் இருந்தது. ராமநாதபுரம் முண்டு வற்றலுக்குப் பதிலாக அங்கே மலிவாகக் கிடைத்த நீள வற்றல், நிறத்துக்குத் தக்காளி விழுது, முடிவில் ஒரு கரண்டி சர்க்கரை. கேட்டபோது பங்காளர் கோபப்படவே இல்லை. “அக்கா, இங்குள்ளவங்க வாய்க்கு இதுதான் சரி, அக்ரிமெண்டுல மாத்தக் கூடாதுன்னு இல்லியே” என்றார். ஒப்பந்தத்தை அங்கேயே எடுத்துப் படித்தேன். அவர் சொன்னது சரி. பெயரைப் ‘நற்பெயருக்குக் குந்தகம் வராதபடி’ பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரி இருந்ததே தவிர, குழம்பில் என்ன இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

ஊர் திரும்பியதும், தரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற வேகத்தில் எவரும் செய்வதையே நாங்களும் செய்தோம். எண்பது பக்கத்தில் சமையல் கையேடு தயாரித்து அனுப்பினோம். எங்கள் மூத்த சமையல்காரரை அங்கே தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தோம். சரக்கு எங்களிடம்தான் வாங்க வேண்டும், உணவுப் பட்டியலை எங்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது, மாதாமாதம் சமையற்கட்டைக் காணொளியில் காட்ட வேண்டும் என்றெல்லாம் ஒரு துணை ஒப்பந்தம் எழுதி, அதற்காகத் தனிக் கட்டணமும் வைத்தோம். அவரும் கையெழுத்திட்டார். ருசி ஓரளவு சீரானது. தலைப்பில் உரிமம் என்றே இருந்த அந்த ஏற்பாடு, இதற்குள் முழு ஃபிரான்சைஸாக மாறிவிட்டிருந்தது என்பது வழக்கறிஞரிடம் போன பிறகுதான் தெரிந்தது.

ராயல்டி குறையத் தொடங்கியபோது, கடையில் கூட்டம் குறைந்ததாகத்தான் நினைத்தோம். உண்மையில் திருமண விருந்து வருமானம் எதுவும் கணக்கில் வரவில்லை. எங்கள் பெயரைப் போட்டு அச்சடித்த அட்டையைக் காட்டித்தான் விருந்து ஆர்டர் பிடித்தார். ஆனால் ஒப்பந்தத்தில் ‘உணவக விற்பனை’ என்று மட்டும் இருந்ததால் விருந்து அதில் சேராது என்பது அவர் வாதம். வீட்டுக்கே உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் கிராப் செயலி வழியாகப் போன உணவுக்கு, செயலிக்காரர் கமிஷனை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய தொகையைத்தான் விற்பனை என்று காட்டினார். எங்களுக்கு வந்த விற்பனைக் கணக்கு, வாட்ஸ்அப்பில் அவர் தட்டச்சு செய்து அனுப்பும் நான்கு வரிகள்தான். அடுத்த ஆண்டு அந்த நான்கு வரியும் நின்றுபோனது. கடைகள் மட்டும் எங்கள் பெயர்ப் பலகையோடு ஓடிக்கொண்டிருந்தன.

கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞரை அமர்த்தினோம். இரண்டு ஒப்பந்தங்களையும் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “ஃபிரான்சைஸ் பதிவாளரிடம் ஒப்புதல் வாங்கினீர்களா?” என்பது. உரிமத்துக்கு எதற்குப் பதிவு என்று கேட்டேன். மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஃபிரான்சைஸ் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆவணத்தின் தலைப்பை அது பொருட்படுத்தாது. பெயரைப் பயன்படுத்தும் உரிமை, நாம் வகுத்த முறைப்படி தொழில் நடத்தும் உரிமை, அதைத் தொடர்ந்து கட்டுப்படுத்தும் அதிகாரம், அதற்கான கட்டணம், இவை சேர்ந்துவிட்டால் அது ஃபிரான்சைஸ். வெளிநாட்டு நிறுவனம் அங்கே ஃபிரான்சைஸ் வழங்க முன்கூட்டியே பதிவாளரின் ஒப்புதல் பெற வேண்டும். 2022 ஏப்ரல் 28 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் பதிவு விதிகளை இன்னும் இறுக்கின. ராயல்டி கேட்டு நாங்கள் வழக்குப் போட்டால், பதிவில்லாத ஃபிரான்சைஸ் என்பதையே எதிர்த்தரப்பு கேடயமாக எடுக்கும், அபராதப் பேச்சும் எழும் என்றார். தரத்தைக் காப்பாற்ற நாங்கள் எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையும் எங்களுக்கு எதிரான சாட்சியமாக மேசையில் இருந்தது. அன்று அவர் அறையில் எனக்கு வந்தது அழுகை அல்ல, சிரிப்பு.

அதே சட்டத்தின் கீழ் முறையாகப் பதிவு செய்திருந்தால் எங்களுக்கு என்னென்ன கிடைத்திருக்கும் என்பதையும் அவரே விளக்கினார். ஒப்பந்தக் காலம் குறைந்தது ஐந்து ஆண்டு. கையெழுத்திடுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே ஒப்பந்தத்தையும் தொழில் விவரங்களை வெளிப்படுத்தும் ஆவணத்தையும் எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். இடையில் ஒப்பந்தத்தை முறிக்க நினைத்தால் தக்க காரணம் வேண்டும், தவறைத் திருத்திக்கொள்ளக் குறைந்தது பதினான்கு நாள் எழுத்துமூல அவகாசம் தர வேண்டும். இவை நம் கையைக் கட்டுவதுபோல் தோன்றும். ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுக்கு அவர் அதே மாதிரியான தொழிலை நடத்தக் கூடாது என்ற எழுத்துமூல உறுதியையும், தொழில் இரகசியத்தை வெளியிடமாட்டேன் என்ற உறுதியையும் பெற அதே சட்டம்தான் வழி செய்கிறது. எங்கள் பதினோரு பக்கத்தில் இவற்றில் எதுவும் இல்லை.

சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தாலும் பலகையை இறக்குவது எளிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட, கிழக்கு இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் தன் உள்ளூர்ப் பங்காளியோடு 2013-இல் மோதி, 2017-இல் 169 கடைகளின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அதன் பிறகும் பல கடைகள் அதே பெயரில் இயங்கின. 2019-இல் சமரசம் ஆன பிறகே விவகாரம் தீர்ந்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்று படித்தபோது மனம் கொஞ்சம் ஆறியது, பணம் திரும்பி வரவில்லை.

எங்களுக்குக் கடைசியில் கைகொடுக்க வேண்டிய பிடி வர்த்தக முத்திரைதான், அதிலும் ஓட்டை. மசாலாப் பொருட்களுக்கான 30-ஆம் வகுப்பில் மலேசியாவில் முத்திரையைப் பதிவு செய்திருந்தோம், உணவகச் சேவைக்கான 43-ஆம் வகுப்பில் செய்யவில்லை. பங்காளர் அந்த வகுப்பில் தன் நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பம் வெளியாகி இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் தேடிப் பார்த்தபோது அந்தக் கெடுவில் கொஞ்ச நாள்தான் மீதி. இங்கே ஒன்றைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் முத்திரைப் பதிவு கேட்க வழிசெய்யும் மாட்ரிட் ஏற்பாட்டில் இந்தியா 2013-இலும் மலேசியா 2019 டிசம்பரிலும் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்தியப் பதிவை அடிப்படையாக வைத்து இங்கிருந்தே மலேசியாவுக்கு விண்ணப்பிக்கலாம். பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு முன்பே, விற்கும் பொருளுக்கும் நடத்தப்போகும் சேவைக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிடுங்கள். பங்காளரிடம் ‘முத்திரையைப் பாதுகாக்கும் பொறுப்பு’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தது. அதைக் காட்டித்தான் தன் பெயரில் விண்ணப்பித்ததாக அவர் சொன்னார்.

ஆட்சேபத்தை வைத்துத்தான் பேரம் பேச முடிந்தது. அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, பலகையை மாற்றினார். நாங்கள் வரவேண்டிய ராயல்டியைக் கைவிட்டோம். அதில் போனது சுமார் 16 லட்சம். இரு நாட்டு வழக்கறிஞர்களுக்கும் 11 லட்சம், பயிற்சிக்கும் பயணத்துக்கும் 7 லட்சம், முத்திரைச் செலவு 3 லட்சம். வாங்கிய முன்பணம் 12 லட்சம் இதில் கழியாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது கையேட்டுக்கும் கூடுதல் ஆட்களுக்கும் முன்னரே கரைந்துவிட்டது. கிள்ளானில் இப்போது அதே கடை வேறு பெயரில், எங்கள் கையேட்டின்படிதான் ஓடுகிறது என்று கேள்வி. கல்பாசி போடுகிறார்களா என்று தெரியவில்லை.

இன்று எவராவது என்னிடம் யோசனை கேட்டால், பொட்டலத்தில் அடைத்துவிடக்கூடிய பண்டத்துக்கு உரிமம், ஆள் நின்று செய்ய வேண்டிய பண்டத்துக்கு ஃபிரான்சைஸ் என்று சொல்வேன். மசாலாப் பொடியின் தரத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்துவிடலாம். பொருளின் இலக்கணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, மாதிரி அனுப்பச் சொல்லி, தவறினால் உரிமம் ரத்து என்று முடித்துவிடலாம். குழம்பின் தரம் சமையற்கட்டில் நடக்கும் நூறு சின்ன முடிவுகளில் இருக்கிறது; அதைக் காக்க வேண்டுமானால் உள்ளே நுழைந்தே ஆக வேண்டும், நுழைந்தால் அது ஃபிரான்சைஸ்தான். உள்ளே நுழையும் எண்ணமோ வசதியோ இல்லையென்றால் உணவகத்துக்குப் பெயரைக் கொடுக்காமல் இருப்பதே மேல். இரண்டுக்கும் பொதுவாக இன்னொரு தற்காப்பு உண்டு: அடிப்படை மசாலாக் கலவையின் அளவுகளைக் கொடுக்காமல், அரைத்த கலவையாகவே இங்கிருந்து ஏற்றுமதி செய்யுங்கள். அதற்கு நறுமணப் பொருள் வாரியத்தில் ஏற்றுமதியாளர் பதிவு வேண்டும். மலேசியாவில் ஹலால் சான்றையும் பங்காளர் கேட்பார். அலைச்சல்தான், ஆனால் அனுப்பும் கிலோவின் கணக்கு, அங்கே எத்தனை தட்டு விற்றது என்பதை எந்த வாட்ஸ்அப் செய்தியையும்விட நம்பகமாகச் சொல்லிவிடும்.

ராயல்டியின் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு கடை மாதம் 1,50,000 ரிங்கிட் விற்றால் 5 சதவீதம் 7,500 ரிங்கிட். மலேசிய வரி 10 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். கைக்கு வருவது 6,750. ஒரு ரிங்கிட் 18 ரூபாய் என்று வைத்தால் 1,21,500 ரூபாய். ஃபிரான்சைஸ் என்றால் ஒரு மேற்பார்வையாளரின் சம்பளம், டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஒரே கடைக்காக இதைச் செய்தால் கட்டுப்படியாகாது. பிடித்த வரிக்கான சான்றைப் பங்காளரிடம் கேட்டு வாங்கி, உரிய காலத்துக்குள் இங்கே வெளிநாட்டு வரிக்கான படிவத்தைத் தாக்கல் செய்தால்தான் அந்த வரியை நம் வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியும். எங்களுக்கு முதல் ஆண்டின் சான்று வரவே இல்லை. ‘விற்பனை’ என்பதில் செயலி விற்பனை கமிஷனுக்கு முந்தைய தொகையாகவும், விருந்து ஆர்டரும் பொட்டலமும் சேர்ந்ததாகவும் எழுதுங்கள். பில் போடும் கணினியை இங்கிருந்தே பார்க்கும் வசதியைக் கேளுங்கள். விற்பனை எப்படி இருந்தாலும் தர வேண்டிய குறைந்தபட்ச ராயல்டியை நிர்ணயித்துவிடுங்கள்.

நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். சிங்கப்பூரில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் பேசும், ஆகவே எழுதாதது போச்சு. அமெரிக்காவில் கையெழுத்துக்கும் பணம் வாங்குவதற்கும் குறைந்தது பதினான்கு நாள் முன்பு 23 தலைப்புகள் கொண்ட விவர ஆவணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது மத்திய விதி. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் தனிப் பதிவும் உண்டு. அங்கும் உரிமம் என்று பெயர் வைத்து ஃபிரான்சைஸ் நடத்திச் சிக்கியவர்கள் ஏராளம். நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்குத் தனிச் சட்டம் இல்லாததால்தான் நமக்கு இந்த எச்சரிக்கை உணர்வே வருவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வெளிநாட்டுச் சட்டத்தை உள்ளூர் ஆடிட்டரிடம் கேட்காதீர்கள். அந்த நாட்டு வழக்கறிஞரின் ஒரு மணிநேரக் கட்டணம், பின்னால் நாங்கள் கட்டியதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது பொடிகளுக்கு மட்டும் பினாங்கில் ஒரு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டு உரிமம் கொடுத்திருக்கிறோம். கலவை இங்கிருந்து போகிறது, அங்கே அடைத்து விற்கிறார்கள், காலாண்டுக்கு ஒருமுறை மாதிரிப் பொட்டலம் வருகிறது. உணவகத்துக்குப் பதிவாளரின் ஒப்புதல் பெறுவதற்கான ஆவணங்களைத் தயாரித்து வைத்திருக்கிறோம். விசாரித்து வந்தவர்களில் இருவர் அதன் கனத்தைப் பார்த்ததும், “இவ்வளவு எதுக்குக்கா, நமக்குள்ள” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாமவர் தன் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.